70-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறுகிறதா? மாற்றிக் கட்டிய ஜீப்புக்குத் தோட்டத்திலேயே செய்யலாம் சோதனை!

அலைன்மென்ட் கடைக்குக் கிளம்பும் முன் ஜாக்கி, சாக்பீஸ், நோட்டுப் புத்தகம் மூன்றையும் எடுத்து வையுங்கள்.

“பல்லடம் பக்கம் தென்னையும் சோளமும் வைத்திருக்கிறேன். கறிக்கோழிப் பண்ணையும் உண்டு. தோட்டத்து வேலைக்காகப் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றை வாங்கி, உயரம் தூக்கி, 31 அங்குல முரட்டு டயர் போட்டிருக்கிறேன். இட்டேரியிலும் உழவுக் காட்டிலும் அருமையாக ஓடுகிறது. ஆனால், கோவை–திருச்சி சாலையில் ஏறி 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்தும் நிற்கவில்லை. பின்னால் ஆள்களை ஏற்றிக்கொண்டு போகவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?”

- வாசகர், பல்லடம்.

பயப்படுவது நியாயம்தான். சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 81-ல் நூல் லாரியும், தீவன லாரியும், கோழிக்கூண்டு ஏற்றிய வண்டியும் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த இடத்தில் ஸ்டீயரிங் கைவிட்டால் தப்பிப்பது கடினம். இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட பழுது பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. பல நாள் உதறிக் காட்டிவிட்டுத்தான் பெரிதாகும். எந்த வேகத்தில், எந்த இடத்தில் உதறுகிறது என்று கவனித்தால், காரணத்தை முக்கால்வாசி நாமே கண்டுபிடித்துவிடலாம்.

மாற்றியதில்தான் விஷயம் இருக்கிறது

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்தவைதான் மஹிந்திராவின் பழைய ஜீப்புகள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே துண்டான அச்சு, அதைத் தாங்கும் கமான் பட்டை, சக்கரம் திரும்புவதற்குக் கிங்பின், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு. இதுதான் அமைப்பு. வில்லிஸ் ஜீப்புக்குத் தொழிற்சாலையில் போட்ட டயர் 6.00-16. உயரம் சுமார் 28 அங்குலம், அகலம் 6 அங்குலம். அச்சும் ஸ்டீயரிங்கும் அந்த ஒல்லி டயருக்காகக் கணக்குப் போட்டவை.

அதில் 31 அங்குல அகல டயரை மாட்டும்போது மூன்று மாற்றங்கள் நடக்கின்றன. முதலாவது, சுற்றுகிற எடை கூடுகிறது. இரண்டாவது, அகல ரிம் அல்லது ஸ்பேசர் போடுவதால் சக்கரம் கிங்பின்னை விட்டு வெளியே தள்ளிப் போகிறது. அதனால் சக்கரத்தின் சிறு அதிர்வுகூட நீளக் கடப்பாரையால் நெம்புவதுபோல ஸ்டீயரிங்கைத் தள்ளுகிறது. மூன்றாவது, நீள ஷாக்கிள் போட்டு உயரம் தூக்கும்போது அச்சு லேசாகச் சுழன்று, கிங்பின்னின் சாய்வு மாறிவிடுகிறது.

2010-ல் வந்த தார் வண்டியிலும், 2020-ல் வந்த புதிய தாரிலும், பொலீரோவிலும் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உண்டு. அவற்றில் கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட்டையும், ஆர்ம் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். மற்றபடி இங்கே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்?

31 அங்குல டயர் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றும். 15 அங்குல ரிம்மின் உள்பக்கம் 200 கிராம் சேறு காய்ந்து ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அது சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான விசையால், நொடிக்கு 9 முறை சக்கரத்தை இழுத்து அடிக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே சேற்றின் இழுப்பு 3 கிலோ மட்டுமே. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். இட்டேரியில் தெரியாதது நெடுஞ்சாலையில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சிறு தள்ளலுக்கே உயரப் போகும் அல்லவா? அதுபோல முன் அச்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் தங்களுக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. சக்கரத்தின் சுற்று அதோடு ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டினால் சில வண்டிகளில் குறைந்தும் விடும். ‘90-ல் போனால் ஆடுவதில்லை’ என்று வேகத்தைக் கூட்டி ஓட்டுபவர்கள் உண்டு. பழுது அப்படியேதான் இருக்கும், ஆபத்து மட்டும் கூடும்.

முதல் வேலை: குறித்து வையுங்கள்

போக்குவரத்து குறைந்த விடியற்காலையில், சமதளச் சாலையில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் நோட்டில் எழுதட்டும். கவனிக்க வேண்டியவை:

• எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் உச்சம், எதில் அடங்குகிறது?

• ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன்சக்கரம், முன் அச்சு. இருக்கையிலும் தரையிலும் தெரிந்தால் பின்சக்கரம் அல்லது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்.

• பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிரம் அல்லது டிஸ்க்.

• அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாலும் உதறல் நீடித்தால் இன்ஜினும் கிளட்ச்சும் காரணம் இல்லை. இந்தச் சோதனையில் சாவியை மட்டும் அணைக்கக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

• பள்ளத்தில் இறங்கியவுடன் மட்டும் பலமாக ஆடினால், எங்கோ லூஸ் இருக்கிறது.

இந்தக் குறிப்போடு மெக்கானிக்கிடம் போனால், அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் காசு மிச்சம்.

காசில்லாத சோதனைகள்

நான்கு சக்கரத்தையும் கழற்றி, ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். கரிசல் மண்ணும் கோழி எருவும் அங்கே காய்ந்து சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெளியே தண்ணீர் அடித்தால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு திடீரென்று வந்த உதறல் பல நேரம் இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்து காற்று. காட்டுக்குள் பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுபவர்கள், தார் ரோட்டுக்கு ஏறும்முன் திரும்ப அடைக்க வேண்டும். டயர் ஆறியிருக்கும்போது அளந்து, முன் இரண்டிலும் ஒரே பவுண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு டயரைக் கையால் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் புடைப்பு, பட்டனில் ஏற்ற இறக்கம், ஒரு பக்கம் மட்டும் தேய்மானம் இருந்தால் கைக்குத் தெரியும். புடைப்பு தெரிந்த டயரில் பேலன்சிங் பார்ப்பது வீண். உள்ளே நூல் அடுக்கு பிரிந்திருக்கலாம். அது நெடுஞ்சாலையில் வெடிக்கக்கூடிய டயர். அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. டயரின் பக்கத்தில் தயாரிப்பு வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். பழைய டயரை ‘பட்டன் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி விற்பவர்களிடம் இந்த எண்ணைப் பாருங்கள்.

அதற்கடுத்தது எளிய, பயனுள்ள சோதனை. முன்சக்கரம் இரண்டையும் பின்னுக்கும், பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றி அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்குப் போய்விட்டால், குற்றவாளி டயர் அல்லது ரிம். ஸ்டீயரிங்கிலேயே இருந்தால், பார்வையை அச்சின் பக்கம் திருப்புங்கள். இரண்டு வாரமாகப் புரியாத பழுதை இந்த ஒரு மணி நேர வேலை பாதியாகப் பிரித்துக் கொடுக்கும்.

ஜாக்கி ஏற்றிப் பார்க்க வேண்டியவை

வண்டியைத் தூக்கும்போது ஹாலோ பிளாக் கல்லையோ, அடுக்கிய செங்கல்லையோ முட்டுக் கொடுக்காதீர்கள். சட்டென்று நொறுங்கிவிடும். நல்ல மரக்கட்டை அல்லது இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். மற்ற சக்கரங்களுக்கு அடை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

வட்டம் சரியா? ஸ்டாண்டு மேல் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முதலில் ரிம், பிறகு டயர். மேலும் கீழும் அல்லது பக்கவாட்டில் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போய் வந்தால் வட்டம் கெட்டிருக்கிறது. ரிம் சரியாக இருந்து டயர் மட்டும் ஏறி இறங்கினால், டயரை ரிம் மேல் அரைச் சுற்று திருப்பி மாட்டச் சொல்லுங்கள்.

மேல்-கீழ் ஆட்டம். சக்கரத்தை உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே இருப்பவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் லூஸ். நிற்காவிட்டால் கிங்பின் அல்லது பால் ஜாயின்ட்.

இட-வல ஆட்டம். பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால், டை ராடு முனைகளின் தேய்மானம் தெரியும்.

தரையில் நிறுத்திப் பார்ப்பது. நான்கு சக்கரமும் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் வெளியிலிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்த பிறகு மறுபக்கம் தாமதமாக அசைகிற மூட்டு எதுவோ, அதுதான் தேய்ந்தது. ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும், அந்த இடத்தில் சேஸிஸ் விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள். பெரிய டயர் போட்ட பழைய ஜீப்பில் அந்த இடத்தில்தான் இழுப்பு அதிகம். கமான் பட்டை புஷ், யூ போல்ட்டு நட்டு ஆகியவையும் இதே நேரத்தில் பார்க்க வேண்டியவை.

ரிம்மும் நட்டும்

பழைய மஹிந்திரா ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் ஐந்து போல்ட்டு, 139.7 மில்லிமீட்டர் வட்டம். அதனால் ஒன்றின் ரிம் இன்னொன்றில் ஏறிவிடும். ஆனால், ரிம்மின் நடுத் துளையும் ஹப்பின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் பிடிமானம் இல்லாத ரிம்மை நட்டுகள் மட்டுமே மையப்படுத்தும். நட்டின் கூம்பு, துளையின் கூம்போடு பொருந்தாவிட்டால் சக்கரம் ஓர் ஓரமாகவே உட்காரும். எவ்வளவு பேலன்சிங் பார்த்தாலும் உதறும். பழைய ரிம்முக்கு மாட்டிய நட்டையே புது அலாய்க்கும் மாட்டியிருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

நட்டை எப்போதும் நட்சத்திர வரிசையில், ஒன்று விட்டு ஒன்றாக, சக்கரம் தரையைத் தொடாத நிலையில் கைமுறுக்காக இறுக்கி, பிறகு இறக்கி முழுவதும் இறுக்க வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ரிம், டயர் இரண்டும் வட்டமாக இருந்தால் மட்டும் பேலன்சிங்குக்குப் போங்கள். ஒரே சக்கரம் 200 கிராமை நெருங்கும் எடை கேட்டால், எடையை ஒட்டிக்கொண்டே போகாமல் டயரை ரிம்மில் திருப்பி மாட்டி மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். முரட்டு டயருக்கு ரிம்மின் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டிலும் எடை வைப்பது நல்லது.

பள்ளத்தில் இறங்கியதும் வண்டியே ஆடினால்...

ஒரே துண்டு முன்அச்சு உள்ள வண்டிகளுக்கே உரிய ஆபத்து இது. நல்ல வேகத்தில் போகும்போது ஒரு பள்ளம் அல்லது பாலத்து இணைப்பு. அடுத்த நொடி முன்சக்கரம் இரண்டும் இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும். வேகத்தைக் குறைக்கும்வரை தானாக நிற்காது.

அப்போது பிரேக்கை வேகமாக மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். கட்டை விரலை ஸ்டீயரிங் கம்பிகளுக்குள் விடாமல் வளையத்தை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, மெள்ள வேகம் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். அதன் பிறகு அந்த வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. பழுது பார்க்கும்வரை நெடுஞ்சாலைக்கும் கொண்டு போகக் கூடாது.

இதற்குத் தூண்டுதல் பேலன்ஸ் கோளாறாக இருக்கலாம். ஆனால், ஆட்டம் பெருகுவதற்கு இடம் கொடுப்பது தேய்ந்த கிங்பின் பேரிங், டை ராடு முனை, கமான் பட்டை புஷ் இவற்றின் லூஸும், காஸ்டர் குறைவும்தான். காஸ்டர் என்பது கிங்பின்னின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன்ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தானே கையை விட்டாலும் ஓரளவு நேராகப் போகிறது? அதே தத்துவம். வில்லிஸ் ஜீப்புக்குத் தொழிற்சாலை கொடுத்த காஸ்டர் 3 டிகிரி. முன்பக்கம் நீள ஷாக்கிள் போட்டால் இது குறையும். அலைன்மென்ட் கடையில் ‘காஸ்டர் எத்தனை டிகிரி?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குறைந்திருந்தால் கமான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். அளவெடுக்காமல் கண்மதிப்பில் ஆப்பு வைக்க வேண்டாம். முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கோணமும் அதோடு மாறும்.

இந்த இடத்தில் சிலர் ‘ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் நின்றுவிடும்’ என்பார்கள். நிற்கலாம். ஆனால் தேய்ந்த மூட்டு உள்ளே அப்படியே தேய்ந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை மட்டும் அடங்கிப்போகும். எல்லா லூஸையும் சரிசெய்த பிறகே டேம்பர். அதேபோல ஆட்டத்தை மறைக்க ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை அளவுக்கு மேல் இறுக்கினால், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது.

சட்டத்தையும் பாருங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கோரும்போதும் இது சிக்கலாகும். தோட்டத்துக்கும் சாலைக்கும் ஒரே வண்டி என்றால், தொழிற்சாலை அளவுக்கு ஒட்டிய டயரும் உயரமுமே நல்லது. எல்லாம் சரிபார்த்தும் உதறல் தீராவிட்டால், பழைய அளவு சக்கரத்தை இரவல் வாங்கி மாட்டி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மாற்றியதுதான் காரணமா என்பது அன்றே தெரிந்துவிடும்.

வாசகர்களின் துணைக் கேள்விகள்

“டிராக்டர் முன்சக்கரமும் 6.00-16 தானே? அதையே பழைய ஜீப்புக்கு மாட்டலாமா?”

கூடாது. அளவு ஒன்றாக இருந்தாலும் வேகத் தகுதி வேறு. டிராக்டர் டயரில் ஏ6 என்று இருந்தால் 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40 கிலோமீட்டர்தான் அதன் வேக வரம்பு. நெடுஞ்சாலை வேகத்தில் சூடேறிப் பிரிந்துவிடும். ஜீப்புக்கு வாங்கும் டயரில் எல் என்று இருந்தால் 120, க்யூ என்றால் 160 கிலோமீட்டர் வரை தாங்கும்.

“ஒரு மாதம் சாளையில் நின்ற வண்டி, முதல் சில கிலோமீட்டர் உதறிவிட்டு நின்றுவிடுகிறது. ஏன்?”

ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பாகம் தட்டையாகியிருக்கும். நைலான் டயரில் இது அதிகம். ஓடிச் சூடானதும் வட்டம் திரும்பும். நிறுத்தும்போது காற்று குறையாமல் பாருங்கள். வாரம் ஒருமுறை வண்டியைச் சற்று நகர்த்தி நிறுத்துங்கள். சூடான பிறகும் நிற்காவிட்டால் டயரைச் சோதியுங்கள்.

“ஸ்டீயரிங் அமைதியாக இருக்கிறது. இருக்கைதான் நடுங்குகிறது. உயரம் தூக்கிய பிறகு வந்தது.”

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். சக்கரம் ஒருமுறை சுற்றும்போது இது நான்கைந்து முறை சுற்றும் என்பதால் நடுக்கம் பொடிப்பொடியாக இருக்கும். உயரம் தூக்கியதில் அதன் கோணம் கூடியிருக்கும். கிராஸில் ஆட்டமும் துருவும் இருக்கிறதா, கிரீஸ் போகிறதா என்று பாருங்கள். கழற்றி மாட்டியபோது இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் வந்திருக்கின்றனவா என்பதும் முக்கியம். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் நடுங்கும்.

“அலைன்மென்ட் பார்த்தும் உதறல் நிற்கவில்லை என்றால் கடைக்காரர் சரியாகச் செய்யவில்லையா?”

அப்படிச் சொல்ல முடியாது. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். வேகத்தில் வரும் உதறலுக்கு அது நேரடிக் காரணமாவது குறைவு. மூட்டுகளில் லூஸ் இருக்கும்போது எடுத்த அளவு சாலையில் நிற்கவும் நிற்காது. சேறு, காற்று, டயர், ரிம், நட்டு, பேலன்சிங், பேரிங், மூட்டுகள் என்று வரிசையாக முடித்துவிட்டு, கடைசியில் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். பல்லடம் வாசகரும் இந்த வரிசையில் தொடங்கலாம். அதுவரை நெடுஞ்சாலைக்கு வேறு வண்டியை எடுங்கள். ஆள்களை ஜீப்பில் ஏற்ற வேண்டாம்.